சுட்ட கேஸ் சேம்பரில் சிக்கினால்: ஹேண்ட்லோடிங் செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் நிரப்பிய தோட்டாவைச் சுட்டபின் போல்ட்டின் (குழலின் பின்பக்கத்தைப் பூட்டும் உருளை) கைப்பிடி எழும்ப மறுத்தால், பலரும் முதலில் செய்வது உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. கேஸ், அதாவது மருந்தையும் புல்லட்டையும் தாங்கியிருந்த பித்தளை உறை, வெளியே வந்து விழுந்ததும் அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுடுகிறார்கள். இந்த வழிகாட்டியை எழுதக் காரணமே அந்த அடுத்த தோட்டாதான்.

கேஸ் சிக்குவதற்குக் காரணங்கள் பல இருந்தாலும், அவை மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: வெடிமருந்தின் அழுத்தம் எல்லை மீறியிருக்கலாம், கேஸின் அளவு சேம்பருக்கு (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) பொருந்தாமல் இருக்கலாம், சேம்பரே கெட்டிருக்கலாம். பின்னிரண்டும் பொறுமையாகச் சரிசெய்யக்கூடியவை. முதலாவது கண்ணையும் கையையும் பறிக்கக்கூடியது. ஆகவே அழுத்தம் காரணமில்லை என்று உறுதியாகும் வரை, அழுத்தம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். இங்கே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்காட்டுகளுக்கு .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் வீட்டில் தோட்டா நிரப்புபவர்களிடம் பரவலாகப் புழங்கும் அளவு அது. அங்கே இது சட்டப்படியான, சாதாரணப் பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படியல்ல: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பித்தளை செய்யும் வேலை

கேஸ் செய்யப் பயன்படும் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். மருந்து எரியும் கணத்தில் கேஸின் சுவர் விரிந்து சேம்பரோடு ஒட்டிக்கொள்கிறது. சூடான வாயு பின்னால், சுடுபவரின் முகத்தை நோக்கி வராமல் தடுப்பது இந்த விரிவுதான். புல்லட் குழலை விட்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும், பித்தளை ஒரு மயிரிழை அளவு தானாகச் சுருங்குகிறது. அந்த மயிரிழை இடைவெளி இருப்பதால்தான் கேஸ் எளிதாக வெளியே வருகிறது.

எந்த உலோகமும் இப்படித் திரும்பிச் சுருங்கிவிடாது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கக் குதிரைப்படை வைத்திருந்த 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்களில் செம்புக் கேஸ்கள்தான் இருந்தன. சில துப்பாக்கிகளில் அவை சூடான சேம்பரில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. போரின் முடிவை அது எவ்வளவு பாதித்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் செம்பு மிருதுவானது, பித்தளை அளவுக்கு மீளாது என்பதில் சந்தேகமே இல்லை. அமெரிக்க ராணுவம் பின்னர் பித்தளைக்கு மாறியது.

இப்போது அழுத்தம் மீறும்போது நடப்பதைப் பாருங்கள். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான ஸாமி, .308க்கு வைத்திருக்கும் உச்ச சராசரி அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 33 பிஎஸ்ஐ சுமார். அந்த உச்சத்தையும் தாண்டும்போது எஃகுச் சேம்பரே இம்மியளவு விரிகிறது. பித்தளையும் கூடவே விரிகிறது, ஆனால் மீளும் எல்லையைக் கடந்துவிடுகிறது. அழுத்தம் இறங்கியதும் எஃகு பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பும். பித்தளை திரும்பாது. எஃகு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கையில் தெரியும் இறுக்கம் இதுதான்.

முதல் படி: நிறுத்துங்கள், பிறகு எடுங்கள்

சிக்கியது உண்மையிலேயே சுட்ட கேஸ்தானா? விசையை இழுத்து வெடிச்சத்தம் கேட்டது, துப்பாக்கி தோளில் உதைத்தது, இலக்கில் துளை விழுந்தது என்றால் சரி. சத்தமே வரவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றலாம். சுடப்படாத தோட்டா சிக்கியிருந்தால் குழல் வாய்வழியே கம்பி விடவே கூடாது. அதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். சத்தம் மட்டும் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டு, உதையும் குறைவாக இருந்தால், புல்லட் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொரு தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

சுட்ட கேஸ் என்று உறுதியானால் மேகசினைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை ஆற விடுங்கள். சேம்பரின் சூட்டில் இறுகியிருந்த சில கேஸ்கள் ஆறியதும் கையாலேயே வந்துவிடும்.

வரவில்லை என்றால் மரச் சுத்தியலோ ரப்பர் சுத்தியலோ எடுத்து, போல்ட் கைப்பிடியின் அடிப்பகுதியில், போல்ட் உடலுக்கு அருகில், மெதுவாகத் தட்டுங்கள். நுனியில் ஓங்கி அடிக்காதீர்கள். ரெமிங்டன் 700 போன்ற ரைஃபிள்களில் கைப்பிடி போல்ட் உடலோடு பற்றவைத்து ஒட்டப்பட்டது. அடித்து அடித்துக் கைப்பிடியையே பிரித்தெடுத்தவர்கள் உண்டு. மௌசர் 98இல் கைப்பிடியின் வேர் ரிசீவரின் சரிவில் ஏறும்போது கேஸைப் பின்னுக்கு நெம்பித் தளர்த்தும். அந்த நெம்பு கைப்பிடி எழும்பும் கடைசிப் பகுதியில் கிடைக்கிறது. ஆகவே கைப்பிடியை முழுதாக மேலே கொண்டுவருவதில்தான் கவனம் வேண்டும், பின்னால் இழுப்பதில் அல்ல.

கைப்பிடி எழும்பிவிட்டது, ஆனால் எக்ஸ்ட்ராக்டர் (கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கி) ரிம்மை, அதாவது கேஸின் அடி விளிம்பை, விட்டு நழுவிவிட்டது அல்லது ரிம்மையே கிழித்துவிட்டது என்றால், போல்ட்டைக் கழற்றிவிட்டு குழல் வாய்வழியே துப்புரவுக் கம்பியை விடுங்கள். கம்பி குழல் விட்டத்துக்கு நெருக்கமானதாக, பித்தளைத் தலையோடு இருக்க வேண்டும். கம்பியைக் கேஸின் உள்தளத்தில் பட விட்டு, சிறு சிறு தட்டுகளாகத் தட்டினால் போதும். அப்போதும் வரவில்லையா? குழலைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து, ரிம்மைச் சுற்றி இரண்டு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். கேஸ் வந்தபின் சேம்பரிலும் குழலிலும் அந்த எண்ணெயின் தடமே இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

வந்த கேஸைத் தூக்கி எறியாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அது.

இரண்டாம் படி: எந்த இடத்தில் இறுகியது?

இதைக் கவனிக்கப் பழகியவர் பாதி நோயை ரேஞ்சிலேயே கண்டுபிடித்துவிடுவார். இறுக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை.

போல்ட்டை மூடும்போதே கடினமாக இருந்ததா? அப்படியானால் கேஸ் சுடுவதற்கு முன்பே சேம்பருக்குப் பெரியது. தோள்பட்டை (கேஸின் உடல் கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) முன்னால் தள்ளியிருக்கலாம், கேஸ் நீளமாக வளர்ந்திருக்கலாம், புல்லட் முன்னே போய் ரைஃப்ளிங்கில் (குழலின் உட்புறத்தில் உள்ள திருகு வரிகள்) முட்டியிருக்கலாம்.

மூடும்போது வெண்ணெயாக மூடி, சுட்டபின் கைப்பிடி முதல் அங்குலத்திலிருந்தே கனமாக இருந்தால் அழுத்தத்தைச் சந்தேகப்படுங்கள்.

கைப்பிடி எளிதாக எழும்பி, கடைசியில் மட்டும் ‘டிக்’ என்று ஒரு சிறு தடை வந்தால், கேஸின் அடிப்பகுதி, அதாவது ரிம்முக்குச் சற்று மேலே உள்ள கனத்த பகுதி, சேம்பரில் பிடித்திருக்கிறது. ஒரே கேஸைப் பலமுறை சுடும்போது இது வரும். துல்லியப் போட்டிகளில் சுடுபவர்களுக்கு நன்கு பழகிய தொல்லை.

கைப்பிடி தடையில்லாமல் எழும்பி, பின்னால் இழுக்கும்போது உடல் முழுதும் உரசிக்கொண்டு வந்தால், சேம்பர் அழுக்கு, துரு, சொரசொரப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

மூன்றாம் படி: அழுத்தத்தை விசாரியுங்கள்

கேஸின் அடித்தளத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். போல்ட் முகத்தில், கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் பின்னுக்கு ஒரு வட்டத் துளை இருக்கும். அழுத்தம் மிகுந்தால் பித்தளை அந்தத் துளைக்குள் பிதுங்கும். போல்ட் திரும்பும்போது பிதுங்கிய இடம் வழிக்கப்பட்டு, எழுத்துகள் பொறித்த அடித்தளத்தில் பளபளப்பான ஒரு வட்டமோ பிறையோ தெரியும். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். இதுவும் கனத்த போல்ட்டும் சேர்ந்து வந்தால் வேறு விசாரணை தேவையில்லை: அந்த மருந்தளவில் நிரப்பிய மீதித் தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். புல்லட் பிடுங்கியால் பிரித்தெடுத்துவிடுங்கள்.

பிரைமர் (கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) தட்டையாகியிருப்பதைப் பலர் பெரிய சான்றாகச் சொல்வார்கள். நான் அதைத் தனியாக நம்புவதில்லை. தோள்பட்டையை அளவுக்கு மீறிப் பின்தள்ளிவிட்டால், சாதாரண அழுத்தத்திலேயே பிரைமர் முதலில் பின்னால் வந்து, பிறகு கேஸ் அதன்மேல் மோதி அதைத் தட்டையாக்கிவிடும். அதேபோல் பிரைமர் சாதுவாக இருப்பதால் அழுத்தமும் சாது என்று நினைப்பதும் ஆபத்து. பிரைமர் பள்ளம் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது. அடுத்தமுறை பிரைமரைப் பொருத்தும்போது தடையே இல்லாமல் கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போய்விட்டால், அந்தக் கேஸின் அடிப்பகுதி விரிந்துவிட்டது. அதன் ஆயுள் முடிந்தது.

புல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் அதன் சாட்சியம் எல்லாவற்றையும்விட மேலானது. மருந்து நிறுவனத்தின் அட்டவணை அதே குழல் நீளத்துக்கும் அதே எடை புல்லட்டுக்கும் உச்ச அளவில் தரும் வேகத்தை உங்கள் தோட்டா தாண்டுகிறது என்றால், அழுத்தமும் தாண்டுகிறது. இலவசமாக வேகம் எந்த ரைஃபிளிலும் கிடைக்காது.

இனி, அட்டவணையை மீறாமலே அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். நேர்மையாக, கவனமாக நிரப்பும் ஒருவருக்கும் இது நடக்கும்.

மருந்துப் பெயர் குழப்பம் முதலில் வருகிறது. ஹெச் 4350, ஐஎம்ஆர் 4350 இரண்டும் வேறு வேறு மருந்துகள். ஹெச் 4895, ஐஎம்ஆர் 4895 அப்படியே. எண் ஒன்று என்பதால் அளவும் ஒன்றாகாது. மேசையில் ஒரே நேரத்தில் ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்கட்டும்.

தராசைச் சோதனை எடைக்கல் வைத்துப் பாருங்கள், பூஜ்யத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். மின்விசிறிக் காற்றும் ஏசி காற்றும் எலக்ட்ரானிக் தராசை நகர்த்தும்.

கேஸ் மாறினால் கணக்கு மாறும். ராணுவ 7.62 நேட்டோ கேஸ்களின் சுவர் பெரும்பாலும் தடிமனானது, உள்ளே இடம் குறைவு. வணிகக் கேஸில் அமைதியாக இருந்த அதே மருந்தளவு அதில் எகிறும். புல்லட் மாறினாலும் அப்படித்தான்: முழுச் செம்பில் செய்த புல்லட், ஈயம் உள்ள அதே எடை புல்லட்டைவிட நீளமானது, கேஸுக்குள் அதிக இடத்தை அடைக்கும். புல்லட்டை முன்னே நகர்த்தி ரைஃப்ளிங்கில் முட்டவைத்தாலும் அழுத்தம் கூடும்.

அப்புறம் வெயில். குளிர்காலக் காலையில் சோதித்து உச்சத்தில் நிறுத்திய அளவு, டெக்சாஸ் கோடையில் வேறு தோட்டாவாகிவிடும். பல மருந்துகள் சூட்டில் வேகமாக எரியும். டேஷ்போர்டில் கிடந்த தோட்டாக்கள், நீண்ட நேரம் சுட்ட சூடான சேம்பரில் போட்டுவைத்து நிதானமாகக் குறிபார்த்த தோட்டா, இவையெல்லாம் இதில் அடங்கும்.

மேலே சொன்ன எதில் சந்தேகம் வந்தாலும் தீர்வு ஒன்றுதான்: அட்டவணையின் தொடக்க அளவுக்குத் திரும்பி, சிறு படிகளாக மேலே வாருங்கள். ‘அரை கிரெய்ன் (மருந்தை எடைபோடும் சிறு அலகு) குறைத்துப் பார்க்கலாம்’ என்பது தீர்வல்ல. கனத்த போல்ட் தெரியும்போது அழுத்தம் எல்லையை எப்போதோ கடந்திருக்கும். எவ்வளவு கடந்தது என்பது கைக்குத் தெரியாது.

நான்காம் படி: கேஸின் அளவு

தொடக்க அளவு மருந்திலும் கேஸ் சிக்கினால், அல்லது போல்ட் மூடும்போதே இறுகினால், கவனம் இங்கே திரும்ப வேண்டும். முதலில் போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின் அமைப்பையும், முடிந்தால் எஜெக்டரையும் கழற்றிவிடுங்கள். அவற்றின் ஸ்பிரிங் அழுத்தம் இல்லாதபோதுதான் கேஸின் உண்மையான உணர்வு கைக்குத் தெரியும். இப்போது டையில் (சுட்ட கேஸை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு) அளவுபடுத்திய வெற்றுக் கேஸை, பிரைமரும் மருந்தும் இல்லாமல், சேம்பரில் வைத்துப் போல்ட்டை மூடுங்கள். கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழ வேண்டும்.

விழவில்லை என்றால் கேஸ் முழுவதும் கறுப்பு மார்க்கரால் பூசி, காயவிட்டு, மறுபடி மூடித் திறங்கள். எங்கே மை தேய்ந்து பித்தளை மின்னுகிறதோ அங்கேதான் இடிக்கிறது. தோள்பட்டையில் வளையமாகத் தேய்ந்திருந்தால் தோள்பட்டை முன்னால் இருக்கிறது. ரிம்முக்கு மேலே தேய்ந்திருந்தால் அடிப்பகுதி பெரியது. வாய் விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால் கேஸ் நீளம். இரண்டு நிமிட வேலை. யூகத்தில் செலவழிக்கும் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

தோள்பட்டைப் பிரச்சினையில் புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. டையை அரைகுறையாக இறக்கி வைத்தால் தோள்பட்டை பழைய இடத்திலேயே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. டை முதலில் கேஸின் உடலைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட பித்தளைக்கு வேறு போக்கிடம் இல்லாமல் தோள்பட்டையை முன்னால் தள்ளுகிறது. ஆகவே அரைகுறையாக அளவுபடுத்திய கேஸ், சுட்ட கேஸைவிட நீளமாக வெளியே வரும். டையை இன்னும் கொஞ்சம் இறக்கினால்தான் தோள்பட்டை திரும்பப் பின்னால் போகும். கம்பேரேட்டர் (தோள்பட்டையின் இடத்தை அளக்க உதவும் துணைக் கருவி) பொருத்திய காலிப்பரால் சுட்ட கேஸின் தோள்பட்டையை அளந்துகொண்டு, அதிலிருந்து 0.002 அங்குலம் பின்னால் போகும்படி டையை இறக்குங்கள். செமி ஆட்டோமேட்டிக்குக்கு (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) 0.003 முதல் 0.005 அங்குலம். இதைவிட அதிகம் தள்ளினால் வேறு தொல்லை: ஒவ்வொரு முறையும் கேஸ் அடிப்பக்கம் இழுபட்டு மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிரியும். முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடும். அதை உடைந்த கேஸ் எடுக்கும் தனிக் கருவியால்தான் எடுக்க முடியும். பிரிவதற்கு முன் கேஸ் எச்சரிக்கும்: அடிக்குச் சற்று மேலே வெளியில் ஒரு மினுங்கும் வளையம் தெரியும், முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரில் இழுத்தால் ஒரு பள்ளம் தட்டும்.

கழுத்தை மட்டும் அளவுபடுத்துபவர்களுக்கு ‘டிக்’ தொல்லை நிச்சயம் ஒருநாள் வரும். ஒவ்வொரு சூட்டுக்கும் உடல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேம்பரை நிரப்பிக்கொண்டே போகிறது. முழுநீள டைக்கு மாறுங்கள். அதுவும் அடிப்பகுதியைப் போதுமான அளவு நெருக்கவில்லை என்றால் அடியை இன்னும் இறுக்கமாக நெருக்கும் ஸ்மால் பேஸ் டை தேவைப்படலாம். மைக்ரோமீட்டரால், டையில் போட்டதற்கு முன்னும் பின்னும் ரிம்முக்கு மேலே உள்ள விட்டத்தை அளங்கள். எண் மாறவே இல்லை என்றால் உங்கள் டை அந்த இடத்தைத் தொடவே இல்லை.

கேஸ் நீளத்துக்கு .308இல் உச்சம் 2.015 அங்குலம், வெட்டிக் குறைக்க வேண்டிய அளவு 2.005. நீண்ட கேஸின் வாய் சேம்பர் முனையில் முட்டிப் புல்லட்டை நெரிக்கும். புல்லட் விடுபட முடியாமல் அழுத்தம் எகிறும். அளவுக் கோளாறு அழுத்தக் கோளாறாக மாறும் இடம் இது. கழுத்துக்கும் ஒரு எளிய சோதனை உண்டு: சுட்டு வந்த, டையில் போடாத கேஸின் வாயில் ஒரு புதிய புல்லட்டை விரலால் நழுவவிடுங்கள். தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் கழுத்துக்குச் சேம்பரில் இடம் போதவில்லை. கழுத்து தடித்திருக்கலாம், அல்லது சேம்பரின் அந்தப் பகுதியில் கரி வளையமாகப் படிந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: சேம்பர்

தொழிற்சாலைத் தோட்டாவும் சிக்குகிறது என்றால் உங்கள் நிரப்பும் மேசையை விட்டுவிட்டுச் சேம்பருக்கு வாருங்கள். சேம்பர் பிரஷ்ஷால் கரைப்பான் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, சிறு விளக்கு வைத்துப் பாருங்கள். துருக்குழிகள் இருந்தால் சுடும்போது பித்தளை அவற்றுக்குள் பிதுங்கி நிற்கும். சுட்ட கேஸின் உடலிலேயே அந்தக் குழிகளின் அச்சு சிறு மேடுகளாகத் தெரியும். சேம்பரைக் குடையும் ரீமர் விட்ட கீறல் வளையங்களும் அப்படியே பதியும். மெருகேற்றும் வேலையைத் துரப்பணமும் உப்புத்தாளும் வைத்து நீங்களே செய்ய வேண்டாம். சேம்பரின் அளவை மாற்றிவிட்டால் திரும்ப வழியில்லை.

எண்ணெய் விஷயத்தில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது: சிக்குகிறது என்றால் கொஞ்சம் எண்ணெய் பூசினால் வழுக்கி வந்துவிடுமே என்று. செய்யவே கூடாது. உலர்ந்த கேஸ் சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்வதால் பின்னோக்கிய உந்தலில் ஒரு பங்கை சுவர் ஏற்கிறது. எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி போய், போல்ட்டின் தாங்கிகள்மீது பாரம் கூடும். டையில் போடப் பூசிய மசகைத் துடைக்காமல் விட்டாலும் இதே கதைதான்.

பழைய லீ என்ஃபீல்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்வதாலும், ராணுவச் சேம்பர்கள் தாராளமாக வெட்டப்பட்டதாலும் .303 கேஸ்கள் வழக்கத்தைவிட அதிகம் நீள்கின்றன. அதில் மிதமான மருந்தளவுதான் சரி.

செமி ஆட்டோமேட்டிக்கில் எல்லாம் இன்னும் கடுமை. மௌசரில் உள்ளதுபோல் மெதுவாக நெம்பித் தளர்த்தும் வசதி ஏஆர் 15இல் கிடையாது. வாயு இழுக்கும் ஒரே இழுப்பில் கேஸ் வர வேண்டும். வியட்நாமில் 1966, 67இல் எம் 16 துப்பாக்கிகளில் சுட்ட கேஸ்கள் சேம்பரில் சிக்கி, வீரர்கள் துப்புரவுக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. குரோம் பூசாத சேம்பர் ஈரக் காற்றில் துருப்பிடித்தது, வெடிமருந்து வகை மாற்றப்பட்டிருந்தது, துப்புரவுப் பொருள்களும் போதவில்லை. ரிச்சர்டு இக்கார்டு தலைமையிலான காங்கிரஸ் துணைக்குழு 1967இல் இதை விசாரித்தது. சேம்பருக்குக் குரோம் பூச்சும் வந்தது. ஒரே தொல்லைக்கு மருந்தும் சேம்பரும் பராமரிப்பும் சேர்ந்து காரணமாகலாம் என்பதால்தான் ஒன்றைச் சரிசெய்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன்.

மறுபடி சுடும்போது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டையையும் மருந்தையும் கேஸையும் ஒரே நாளில் மாற்றினால், சிக்கல் தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது. சிக்கிய தொகுதியின் கேஸ்களைத் தனி டப்பாவில் போட்டு, எத்தனை முறை சுடப்பட்டவை, எந்த மருந்து, எந்தத் தட்பவெப்பம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். புதிய கேஸ்களில், தொடக்க அளவு மருந்தில், துடைத்த உலர்ந்த சேம்பரில், ஒவ்வொன்றாக ஏற்றிச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கேஸையும் எடுத்து அடித்தளத்தைப் பார்த்த பிறகே அடுத்தது.

இதிலும் இறுகினால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோள்பட்டை அமரும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளவுமானி வைத்திருக்கும் பழுதுபார்ப்பவரிடம் ரைஃபிளையும் அந்த டப்பாவையும் சேர்த்தே கொடுங்கள். .308க்கு ‘கோ’ அளவுமானி 1.630 அங்குலம், ‘நோ கோ’ 1.634. போல்ட் முதலாவதன்மேல் மூட வேண்டும், இரண்டாவதன்மேல் மூடக்கூடாது. ரைஃபிளை மட்டும் கொடுத்தால் அவர் சேம்பரைத்தான் பார்ப்பார். கேஸ்களும் கையில் இருந்தால் நடந்ததைப் படித்துச் சொல்வார்.